உடனுண்ணும் துணை

2025ஆம் ஆண்டு சூன் மாதம், பள்ளிகள் திறந்த வாரம். அக்கினி நட்சத்திரம் முடிந்துவிட்டது என்று நாட்காட்டி சொன்னதே தவிர, மதுரை வெயில் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மாலைத் திருப்பலியை முடித்துத் திருவுடைகளைக் களைந்துவிட்டு ஆலய முற்றத்துக்கு வந்தேன். வேப்பமரத்தடியில் எட்டாம் வகுப்பு மாணவியொருத்தி காத்து நின்றாள். எங்கள் பங்கைச் சேர்ந்தவள். மறைக்கல்வி வகுப்பில், எனக்கு விடை தெரியாத கேள்விகளாகத் தேடிப் பிடித்துக் கேட்பவள். அன்று அவள் கண்கள் சிவந்திருந்தன.

“சாமி, எங்க செவலை செத்துப் போச்சு. கறுப்பி நேத்துலேருந்து ஒண்ணுமே சாப்பிடல. அதுக்கு ஒரு துணை எங்க கெடைக்கும்?”

செவலை, கறுப்பி என்றதும் மாடுகள் என்றே எண்ணினேன். நானும் கிராமத்தில் பிறந்தவன்தானே! “மாட்டுச் சந்தையில் விசாரிக்கலாமே, அம்மா” என்றேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். “மாடு இல்ல சாமி. கினிப் பன்றி.”

அந்த வீட்டை நான் அறிவேன். தாத்தா ஆர்வி மில்லில் நூற்புப் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்றவர். 2020இல் கொரோனா முடக்கத்தின்போது பள்ளியும் தோழியரும் இன்றி வீட்டுக்குள் வாடிய குழந்தைக்காக, அவள் தந்தை இரண்டு பெண் குட்டிகளை வாங்கி வந்தார். நிறம் பார்த்து மாட்டுப் பெயர் வைத்தவர் தாத்தா. வாங்கியது மகன், பெயரிட்டது தாத்தா, கொஞ்சியது பேத்தி. ஆனால் வளர்த்தது அப்பத்தாதான். நாள்தோறும் விடியலில் வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் சென்று அருகம்புல் அறுத்து வந்து, கழுவி, நிழலில் உதறி வைப்பார். கோடையில் கூண்டின்மேல் ஈரச் சாக்கு போடுவார். உள்ளே ஒரு மண்பானையைச் சாய்த்து வைத்துக் குளிர்ந்த பொந்து அமைத்துக் கொடுப்பார். மலைநாட்டுப் பிராணி அது. முப்பது பாகை வெப்பமே அதற்குத் துன்பம் என்றால், நாற்பதைத் தொடும் மதுரைக் கோடையை என்னென்பது! அப்பத்தாவின் கையறிவுதான் அந்த இரு சிற்றுயிர்களையும் நான்கு கோடைகளைத் தாண்டச் செய்தது.

2024இன் திருவருகைக் காலத்தில் அப்பத்தா காலமானார். அடக்கத் திருப்பலியை நானே நிறைவேற்றினேன். உயிர்ப்பின் நம்பிக்கையைப் பற்றி நெடுநேரம் மறையுரை ஆற்றினேன்; நன்றாக இருந்ததென்று பலர் சொன்னார்கள். முப்பதாம் நாள் திருப்பலியும் முறைப்படி நடந்தது. அதன்பின் ஞாயிறுதோறும் பெரியவர் வருவார். வலப்புறத் தூணருகே, மனைவி இருந்த நாளில் அமர்ந்த அதே இடத்தில் அமர்வார். “நல்லா இருக்கீங்களா, ஐயா?” என்பேன். “இருக்கேன் சாமி” என்பார். அவ்வளவில் இருவரும் நகர்ந்துவிடுவோம்.

அப்பத்தா இல்லாத முதற்கோடையில், மின்சாரம் நின்றுபோன ஒரு நண்பகலில் செவலை இறந்துவிட்டது. சாக்கை நனைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாட்காலை அந்த வீட்டுக்குச் சென்றேன். கூண்டின் ஒரு மூலையில், செவலை படுத்திருந்த பானையின் வாயை நோக்கியபடி கறுப்பி அசையாமல் இருந்தது. எதிரே தரையில் பெரியவர் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார். அவர் கையில் ஊசி நீக்கிய மருந்துக் குழல். அதனுள் பச்சைப் புல்லின் விழுது. கால்நடை மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தாராம்: இந்தப் பிராணியின் குடல் எந்நேரமும் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு நாள் முழுதும் உண்ணாதிருந்தாலே உயிருக்கு ஆபத்து, ஆகையால் துளித்துளியாக ஊட்டுங்கள், நெல்லிக்காய்ச் சாறும் கொடுங்கள், ஆனால் ஊட்டுவது மட்டும் போதாது, கூடிய விரைவில் ஒரு துணை தேடுங்கள். மனைவியின் மறைவுக்குப் பின் இந்த ஆறு மாதங்களில், பெரியவர் எதையேனும் முனைந்து செய்ததை அன்றுதான் முதன்முறையாகக் கண்டேன்.

“பசி இல்லாம இல்ல சாமி. பக்கத்துல தின்ன ஆள் இல்ல” என்றார்.

அந்தச் சொல்லை அப்போது நான் கறுப்பியைப் பற்றிய சொல்லாகவே கேட்டேன்.

துணை தேடும் பணி இவ்வாறு என் தலைமேல் விழுந்தது. பங்குத்தந்தைக்குத் தெரியாத ஆளா ஊரில் உண்டு என்பது அந்தச் சிறுமியின் நம்பிக்கை. மணமகன் தேடித் தரும்படி பெற்றோர் என்னிடம் கேட்டதுண்டு. கினிப் பன்றிக்கு மணமகள் தேடியது அதுவே முதன்முறை. ஆம், மணமகள்தான்! ஆணைச் சேர்த்தால் வயது முதிர்ந்த கறுப்பி கருவுறும். இளமையிலேயே ஈனாத பெண்ணுக்கு இடுப்பெலும்பின் இணைப்பு இறுகிப்போய்விடுவதால் பின்னாளில் பேறு உயிரைக் குடித்துவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். எனவே ஓர் இளம் பெண் குட்டியே வேண்டும்.

முதற்கடையில், “ஜோடியாகத்தான் கொடுப்போம்” என்றார்கள். இரண்டாம் கடையில் ஆண் எது, பெண் எது என்று விற்பவருக்கே தெரியவில்லை; போதாக்குறைக்கு ஒரே கூண்டில் பத்துப் பதினைந்து குட்டிகள், பாதிக்குமேல் மூக்கொழுகிக்கொண்டிருந்தன. ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் முன்பு வளர்த்தார்களென்று கேள்விப்பட்டுச் சென்றோம்; வெற்றுக் கூண்டுகள் மட்டும் எஞ்சியிருந்தன. இறுதியில், எங்கள் அன்பியக் கூட்டமொன்றில் ஒரு சகோதரி சொன்னார்: திருமங்கலத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் முயலோடு இவற்றையும் வளர்க்கும் வீடு ஒன்று இருக்கிறது என்று.

ஒரு சனிக்கிழமை காலை என் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் பெரியவரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். திருப்பரங்குன்றத்தைத் தாண்டி, வானம் அகன்ற கரிசல் காட்டை நோக்கிச் சாலை ஓடியது. தோப்பூர் காசநோய் மருத்துவமனைப் பக்கம் வந்ததும் பெரியவர் தோளைத் தட்டினார். “என் அண்ணன் இங்கதான் சாமி பிழைச்சு எந்திருச்சான்” என்றார்.

நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரு செய்தியைச் சொன்னேன். 1882ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று பெர்லின் நகரில், காசநோய்க்குக் காரணம் ஒரு நுண்கிருமியே என்று இராபர்ட் கோக் அறிவித்தார். கிருமியைத் தனியே வளர்த்து, அதைச் செலுத்தி, அதே நோய் வருகிறதா என்று அவர் சோதித்துப் பார்த்தது கினிப் பன்றிகளில்தான். தொண்டை அடைப்பான் நோய்க்கான எதிர்மருந்தை உருவாக்கிய பெரிங்கும் இவற்றைக் கொண்டே ஆராய்ந்தார். நம்மைப் போலவே இப்பிராணியும் உயிர்ச்சத்து ‘சி’யைத் தன் உடலில் தயாரித்துக்கொள்ள இயலாதது. அதனால், 1907இல் நார்வே நாட்டு அறிஞர்களான ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் ஆகிய இருவரும், கடலோடிகளை வாட்டிய ஸ்கர்வி நோய் உணவுக் குறைவினால் வருவதே என்பதை இதன்வழிக் காட்டினர். நம் குன்னூரில் ஊட்டக்குறை நோய்களை ஆராய்ந்த இராபர்ட் மக்காரிசனும் இவற்றைப் பயன்படுத்தினார். “சோதனை எலி” என்று நாம் அலட்சியமாகச் சொல்கிறோம். பெயர் தெரியாத அந்த ஆயிரமாயிரம் உயிர்களின் கடன் நம்மீது இருக்கிறது.

பெரியவர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். “அப்ப அண்ணனுக்குப் பட்ட கடன இன்னிக்குக் கொஞ்சம் அடைக்கிறோம்னு வச்சுக்குவோம்” என்றார். நெடுநாளுக்குப் பின் அவர் குரலில் ஒரு புன்னகை இருந்தது.

அந்தக் கிராமத்து வீட்டில், கூரை வேய்ந்த கொட்டகையில் இருபது உருப்படிகள் இருக்கும். வெளியே வேம்பின் நிழல். உள்ளே ஈரச் சாக்கு. வீட்டு அம்மையார் ஒவ்வொன்றையும் அதன் தாயின் பெயர் சொல்லியே அழைத்தார். இரண்டு மாத வயதுடைய பெண் குட்டிகள் மூன்றைப் பிரித்துக் காட்டினார். நான் பார்த்தவுடன், பஞ்சுப் பொதி போன்றிருந்த ஒன்றைச் சுட்டினேன். பெரியவர் பேசாமல் கொட்டகையின் தரையில் அமர்ந்துவிட்டார். அரை மணி நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், சாம்பல் நிறமான மற்றொன்றைக் காட்டி, “இது போதும், மத்ததுகள இடிக்காம ஓரமா நின்னு திங்குது” என்றார். மயிலை என்று அங்கேயே பெயரும் வைத்தாயிற்று.

புறப்படும்போது அவர் அம்மையாரிடம் ஒரு பேச்சைப் போட்டார். “ஆத்தா, எங்க வீட்டுல இருக்கிறது கெழடு. அஞ்சு வயசாச்சு. இன்னும் ஒண்ணோ ரெண்டோ வருசம். அது போனபெறகு இந்தக் குட்டி தனியா நிக்கக் கூடாது. அப்ப இத இங்கயே கொண்டாந்து கூட்டத்துல விட்டுருவேன், சேத்துக்கணும்.” அம்மையார் சம்மதித்தார்.

திரும்பும் வழியில் எனக்கு வியப்பாக இருந்தது. சுவிட்சர்லாந்தில் 2008 முதல் நடைமுறையிலுள்ள விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி, கூடிவாழும் இயல்புள்ள உயிர்களைத் தனியே வைத்திருத்தல் ஆகாது. கினிப் பன்றியும் அவற்றுள் ஒன்று. இணையை இழந்த ஒன்றுக்குப் புதிய துணை வாங்கினால், பழையது இறந்தபின் புதியது தனிமைப்படும். அதற்கு மீண்டும் ஒரு துணை. இந்தச் சங்கிலிக்கு முடிவே இராது. எனவே அந்நாட்டில் ஒரு பெண்மணி, எஞ்சிய ஒன்றன் இறுதிக் காலம்வரை துணைக்கு ஒன்றை இரவலாகக் கொடுத்துத் திரும்பப் பெறும் ஏற்பாட்டையே செய்தார். சட்டமும் ஏடும் அறியாத நம் பெரியவர், அதே முடிவுக்குக் கொட்டகையின் தரையில் அமர்ந்து வந்து சேர்ந்துவிட்டார். இறப்பு ஒருபுறமே நிகழ்ந்தாலும் தனிமை மறுபுறமும் தொடரும் என்பது, அதை அனுபவித்தவருக்குத்தான் முதலில் தெரியும் போலும்.

மயிலை வந்தவுடன் கறுப்பியின் துயர் தீர்ந்துவிட்டது என்று நான் எழுதினால் அது பொய்யாகும். கொண்டுவந்த அன்றே இரண்டையும் ஒன்றாக விட்டுவிடத் துடித்தாள் சிறுமி. “கூடாது” என்று மருத்துவர் தடுத்துவிட்டார். நோய் ஏதேனும் உண்டா என்று அறிய முதல் இரு வாரங்கள் வேறு அறையில் வைக்க வேண்டும். அதன்பின், இடையே கம்பிவலை வைத்துப் பக்கம் பக்கமாக வைக்க வேண்டும். பார்க்கலாம், முகரலாம், தொட முடியாது. ஒன்று படுத்த துணியை மற்றதன் பக்கம் போட்டு வாடையைப் பழக்க வேண்டும். இறுதியில் இரண்டுக்கும் சொந்தமல்லாத ஒரு பொது இடத்தில், நடுவே புல்லைக் குவித்துவிட்டு, இருபுறமும் வாயிலுள்ள மறைவிடங்கள் இரண்டை வைத்துவிட்டு, இரண்டையும் விட வேண்டும். துரத்தும், உறுமும், அது உறவின் முறைதான், நடுவே புகாதீர்கள். பல்லை நறநறவெனக் கடித்துப் பாய்ந்தால் மட்டும் பிரியுங்கள்.

அந்த நாளும் வந்தது. நானும் அழைக்கப்பட்டிருந்தேன். மயிலை ஓடிவந்து கறுப்பியின் முகத்தை முகர்ந்தது. கறுப்பி பின்வாங்கியது, மீண்டும் நெருங்கியபோது தலையை உயர்த்தி உறுமியது. குட்டி அஞ்சி விலகிப் புல் குவியலின் அந்தப் பக்கம் நின்று கொறிக்கத் தொடங்கியது. கறுப்பி நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு மெல்ல நகர்ந்து, குவியலின் இந்தப் பக்கத்தில் தானும் ஒரு புல்லை இழுத்தது. ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. இரண்டும் தின்றன. அவ்வளவுதான். அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. குழாயில் சொட்டிய நீரின் ஒலிகூடக் கேட்டது.

நோர்பர்ட் சாக்சர் என்னும் ஜெர்மானிய அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் 1998இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. ஆண் கினிப் பன்றியை அறிமுகமில்லாத கூண்டில் விட்டால், அச்சத்தினால் அதன் குருதியில் கார்ட்டிசால் என்னும் சுரப்பு ஏறுகிறது. அருகில் அறிமுகமற்ற ஒரு பெண்ணை விட்டாலும் அது தணிவதில்லை. வெறுமனே பழக்கமான ஒன்றை விட்டாலும் தணிவதில்லை. தன்னோடு பிணைப்புற்ற துணை அருகிருந்தால் மட்டுமே அச்சம் குறைகிறது. ஆக, ‘யாரோ ஒருவர்’ துணையாகிவிட முடியாது. துணை என்பது வாங்கி வைக்கும் பொருளும் அன்று. காலம் செலவிட்டு ஆக்கிக்கொள்ளும் உறவு. இழந்ததற்கு ஈடாக இன்னொன்றைத் தேடுகிறோம் என்பதே பிழையான சொல். செவலைக்கு மயிலை ஈடன்று. கறுப்பி இன்றும் அந்தப் பழைய பானையில் மயிலையை நுழையவிடுவதில்லை. ஆனால் புல்லைப் பகிர்ந்துகொள்கிறது.

இதையெல்லாம் கண்டபோது என்னுள் இருந்த பிரசங்கியார் விழித்துக்கொண்டார். “பார்த்தீர்களா ஐயா, ஒரு சிறு பிராணிகூட…” என்று தொடங்கினேன். பெரியவர் கையை உயர்த்தினார்.

“சாமி, கோவிச்சுக்கக் கூடாது. என்னையும் இதையும் சேத்து வச்சு ஞாயித்துக்கிழமை பேசிராதீங்க. நான் கினிப் பன்றி இல்ல. எனக்கு யாரும் துணை தேட வேண்டாம். நாப்பத்தெட்டு வருசம் வாழ்ந்த வாழ்க்கைக்கு ஈடு தேடுற அளவுக்கு நான் ஏழை இல்ல.”

எனக்கு நா எழவில்லை. சற்றுப் பொறுத்து அவரே தொடர்ந்தார். “ஒண்ணு மட்டும் சொல்றேன். ராத்திரி சாப்பாட்ட மருமக தட்டுல போட்டு மூடி வச்சிருவா. நல்ல பிள்ளை, அவளுக்கு வேலை. மகன் வர மணி பத்தாகும். பேத்திக்குப் படிப்பு. நான் தனியாத் தின்னுட்டுப் படுத்துக்குவேன். இந்தக் கறுப்பி சாப்பிடாமக் கெடந்தப்பத்தான், தட்டத் தூக்கிக்கிட்டு வந்து இதுக்குப் பக்கத்துல ஒக்காந்தேன். நான் ஒரு வாய், இது ஒரு வாய். இதுக்கு நான் துணையா இருந்தேனா, எனக்கு இது துணையா இருந்துச்சான்னு தெரியல.”

அன்றிரவு பங்கு இல்லத்தில், மூடி வைத்திருந்த என் உணவின் முன் அமர்ந்தேன். ஒரு தட்டு, ஒரு குவளை. எதிரே சுவர், சுவரில் நாட்காட்டி. முப்பது ஆண்டுகளாக நான் உண்ணும் முறை இதுதான். குருத்துவ வாழ்வின் தனிமையை நானே விரும்பி ஏற்றேன். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் விரும்பி ஏற்ற தனிமைக்கும், விரும்பாமல் வந்து விழுந்த தனிமைக்கும் உள்ள வேறுபாட்டை, அருகருகே வாழ்ந்தும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தப் பெரியவருக்கு அடக்க மறையுரை தந்தேன். முப்பதாம் நாள் திருப்பலி தந்தேன். உயிர்ப்பைப் பற்றிய இறையியல் முழுவதையும் தந்தேன். ஒரு வேளையேனும் அவருடன் அமர்ந்து நான் உண்டதில்லை.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். துக்க வீட்டில் அடுப்பு எரியாது. உறவினர் வீட்டிலிருந்து சோறு வரும். வெறுமனே கொடுத்தனுப்புவதில்லை, உடன் வந்து, இலை போட்டு, “ஒரு வாய் சாப்பிடு” என்று அருகிருந்து உண்ணச் செய்வார்கள். துயருற்றவனின் தொண்டையில் சோறு தானாக இறங்காது என்ற அறிவு அந்த வழக்கத்துள் இருந்தது. இன்று அந்த நாள்களைச் சுருக்கிவிட்டோம். விருந்தினர் கலைகிறார்கள், பந்தல் பிரிக்கப்படுகிறது, வாடகை நாற்காலிகள் வண்டியேறுகின்றன. அதற்குப் பின்புதான் துயரம் உண்மையில் வீட்டுக்குள் வந்து அமர்கிறது. அப்போது அதனெதிரே யாரும் இருப்பதில்லை.

மறுவாரம் வியாழக்கிழமை இரவு, என் உணவுத் தூக்கை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குச் சென்றேன். “என்ன சாமி, வீடு மந்திரிக்கவா?” என்று கேட்டார். “இல்லை ஐயா, சாப்பிட” என்றேன். கூண்டின் அருகே இருவரும் தரையில் அமர்ந்து உண்டோம். அதிகம் பேசவில்லை. அன்றிலிருந்து வியாழன்தோறும் அது வழக்கமாகிவிட்டது. சில வாரங்களில் மகனும் நேரத்தோடு வரத் தொடங்கினார்; சிறுமி புத்தகத்தை மூடிவிட்டு வந்து அமர்ந்தாள். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும்.

செப்டம்பர் மாதத்தில் ஒரு வியாழனன்று பெரியவர் நாளிதழை மடித்து என்னிடம் நீட்டினார். தில்லி உயிரியல் பூங்காவில் இருந்த சங்கர் என்னும் ஆப்பிரிக்க யானை இறந்துபோன செய்தி. 1990களில் சிம்பாப்வே நாட்டிலிருந்து, அந்நாள் குடியரசுத் தலைவர் சங்கர் தயாள் சர்மாவுக்குப் பரிசாக வந்தது. உடன் வந்த பெண் யானை இளமையிலேயே இறந்துவிட, இருபது ஆண்டுகளுக்கு மேல் தன் இனத்துத் துணையின்றி வாழ்ந்து மடிந்தது. “யாருமே தேடலயா சாமி?” என்றார். தேடாமலில்லை, வழக்கும் தொடுத்தார்கள், காலம் கடந்துவிட்டது.

அவரை ஆற்ற, மற்றொரு யானையின் கதையைச் சொன்னேன். இலங்கையில் பிறந்த காவன், 1985இல் பாகிஸ்தானுக்குப் பரிசாகச் சென்றது. இசுலாமாபாத் விலங்குக் காட்சிச்சாலையில் அதன் இணை சகேலி 2012இல் இறந்தது. எட்டு ஆண்டுகள் சுவரைப் பார்த்துத் தலையை ஆட்டியபடி தனியே நின்றது. 2020இல் நீதிமன்றம் விடுதலைக்கு ஆணையிட, நவம்பர் 30 அன்று விமானத்தில் கம்போடியாவைச் சென்றடைந்தது. அங்கே, வேலிக்கு அப்பால் நின்ற மற்றொரு யானையின் துதிக்கையைத் தன் துதிக்கையால் தொட்ட அந்தப் படம் உலகெங்கும் வெளிவந்தது. “வேலிக்கு இடையிலேதானா?” என்றார் பெரியவர். “ஆம் ஐயா, முதலில் வேலிக்கு இடையில்தான்.” அவர் கூண்டைப் பார்த்துத் தலையசைத்தார்.

குருமடத்தில் பயின்ற இலத்தீனில் எனக்கு மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். அதில் ஒரு சொல் இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. ஐரோப்பிய மொழிகளில் தோழனைக் குறிக்கும் சொற்கள் பல, ‘உடன்’ என்னும் பொருளுடைய ‘கும்’, ‘அப்பம்’ என்னும் பொருளுடைய ‘பானிஸ்’ ஆகிய இரண்டும் சேர்ந்து பிறந்தவை. தோழன் என்பவன் உடன் அப்பம் உண்பவன். இழப்பின் இருளில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த எம்மாவு வழிச் சீடர் இருவர், வழியெல்லாம் கேட்ட விளக்கத்தைவிட, பந்தியில் பிட்கப்பட்ட அப்பத்தில்தான் ஆண்டவரைக் கண்டுகொண்டார்கள். விளக்கம் தந்தவர் ஆண்டவரேயானாலும், அவரும் அமர்ந்து உண்ண வேண்டியிருந்தது!

கினிப் பன்றியின் தாயகமான பெரு நாட்டின் குஸ்கோ நகரப் பேராலயத்தில் ஓர் இறுதி இராவுணவு ஓவியம் இருக்கிறது. மார்கோஸ் சப்பாட்டா என்னும் ஓவியர் 1753இல் தீட்டியது. ஆண்டவரும் சீடரும் சூழ்ந்த பந்தியின் நடுத்தட்டில் இருப்பது ஆட்டுக்குட்டி அன்று. கினிப் பன்றி என்பதே பெரும்பாலோர் கருத்து. அந்த மலை மக்கள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக இதை வீட்டில் வளர்த்து உணவாகக் கொண்டவர்கள். தங்கள் வீட்டுப் பந்தியில் எது இருக்குமோ அதையே ஆண்டவரின் பந்தியிலும் வைத்து, அவரைத் தங்களோடு உண்ணச் செய்துவிட்டார் அந்த ஓவியர். இதைச் சிறுமியிடம் சொன்னபோது, “ஐயோ சாமி!” என்று கறுப்பியை அள்ளி மடியில் மறைத்துக்கொண்டாள். இதுவரை அவள் என்னை மன்னித்ததாகத் தெரியவில்லை.

இக்கட்டுரையை எழுதலாமா என்று பெரியவரிடம் கேட்டேன். சற்று யோசித்து, “பிரசங்கமா இல்லாம, நடந்தத நடந்தபடி எழுதுங்க” என்றார். எழுதியிருக்கிறேன். வழக்கம் விடாமல் ஆங்காங்கே பிரசங்கம் புகுந்திருந்தால் அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அன்பர்களே, உங்கள் தெருவிலும் வலப்புறத் தூணருகே தனியே அமர்பவர் ஒருவர் இருப்பார். அவருக்கு ஈடு தேடிக் கொடுக்க நம்மால் ஆகாது. அவர் அதைக் கேட்கவும் இல்லை. இன்று வியாழன். மணி ஏழரை ஆகப்போகிறது. உணவுத் தூக்கைக் கழுவி வைத்தாயிற்று. போகும் வழியில் கொஞ்சம் அருகம்புல்லும் பறித்துக்கொள்ள வேண்டும்.